கீபோர்டில் மூன்று பொட்டு

அமராவதிக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. மஞ்சக்குப்பத்தில் மனு டைப் அடித்துத் தரும் கடை அவளுடையது. நாற்காலிக்குக் கீழே தரை வழவழப்பானதே அவள் குதிகால் பட்டுத்தான் என்று எதிர்க்கடைக் கலியமூர்த்தி கேலி பேசுவார். சோறு வேகும்வரைகூடப் பொறுக்கமாட்டாள், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளின் கம்ப்யூட்டரைத்தான் கொழுந்தன் எழிலன் மாற்றிவைத்தான். வருகிறவர்களின் பென்டிரைவில் எல்லாம் வைரஸ், அடித்துவைத்த மனுக்கள் அழிகின்றன என்று, 'தானே' புயல் ஓய்ந்த கையோடு பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டான். வைரஸ் போனது. டைப் அடிக்கும் புரோகிராமைத் தேடுவதற்குள் அவளுக்குத்தான் வியர்த்தது. கை பழைய பழக்கத்தில் திரையின் கீழ் மூலைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. மேலே போய் ஒரு பட்டியலைத் திறந்தால் அதற்குள் இன்னொரு பட்டியல். வந்து வந்து போகிற கரண்டில் இதற்கெல்லாம் ஏது நேரம்? வழக்கமாக வருகிறவர்களே எழுந்து கலியமூர்த்தி கடைக்குப் போனார்கள். இப்படியே போனால் கடையை மூடவேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பழையதையே போட்டுக் கொடு என்று எழிலனைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம வரைக்கும் பாருங்க அண்ணி. அப்பவும் கைக்கு வரலன்னா நானே மாத்தித் தர்றேன்."

கீபோர்டின் மேல்வரிசையில் மூன்று பொத்தான்களுக்கு அவன் வேலை பிரித்துவைத்தான். ஒன்றைத் தட்டினால் டைப் அடிப்பது திறக்கும், அடுத்தது ஸ்கேனுக்கு, கடைசி போட்டோவுக்கு. எது எதற்கென்று அவளுக்கு மனதில் நிற்கவில்லை. கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஒட்டிக்கொண்டாள். ஒட்டினாளே தவிர, திங்கட்கிழமை பழையதைப் போடச் சொல்வது என்ற முடிவு முடிவுதான்.

கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் அந்தத் திங்கட்கிழமை, குறிஞ்சிப்பாடி கொளஞ்சியப்பன் வந்தார். புயலில் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்து, நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்க வந்தவர். பாதி அடிக்கும்போதே கரண்ட் போய், அதுவரை அடித்ததெல்லாம் அழிந்தது. அவர் எழுந்தார்.

"மனு வாங்கறத நிறுத்திடுவாங்க பாப்பா. கலியமூர்த்தி கடையில ஜெனரேட்டர் ஓடுது, அங்க போறேன்."

"உக்காருங்க மாமா. இப்ப வந்துடும்."

வரும் என்று அவளுக்கு யார் சொன்னது? குதிகால் தரையில் தாளம் போட்டது. கை சும்மா இருக்க மாட்டாமல் முந்தானையால் கீபோர்டைத் துடைத்தது, மறுபடியும் துடைத்தது. கொளஞ்சியப்பன் வாசல்படியில் ஒரு காலை வைத்தபோது ஃபேன் சுழன்றது. மெஷின் எழுந்ததுதான் தாமதம், விரல் ஒரு தட்டுத் தட்டியது. அவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது. அடித்து, பிரிண்ட் எடுத்து, அவர் கையில் திணித்தாள்.

அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "ஏம்மா, கலெக்டருக்குப் பொட்டு வச்சா அனுப்புற?"

மனுவின் தலையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. அமராவதி கீபோர்டைப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பொட்டும் இல்லை, துடைத்த துடைப்பில் எல்லாம் உதிர்ந்திருந்தன. மனுவில் இருந்ததைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் எழிலன் சிடியோடு வந்து நின்றான். பழையதைப் போட்டுவிடலாமா என்று கேட்டான்.

"வேல நேரத்துல மெஷின்ல கைய வக்காத," என்றாள். "போய் எனக்கொரு டீ வாங்கிட்டு வா."