உத்தரியத்தில் தைக்கச் சொன்னது

என் அண்ணன் ஐஸ் வண்டி ஓட்டினான். அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கோட்டைப்பட்டினம் படகுகளுக்கு இறக்குவது அவன் வேலை. ஒருநாள் விடியலில் போலீஸ் வண்டியை மறித்து ஐஸை இறக்கச் சொன்னது. அடியில் கஞ்சாப் பொட்டலங்கள் இருந்தன. ஏற்றியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்தவன் அண்ணன் மட்டும்தான். “தார்ப்பாயைக் கட்டிட்டுக் கெளம்புனேன், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்” என்று அவன் அன்றைக்குச் சொன்னதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். ஆவூர்ப் பக்கம் வீடு; குன்றாண்டார்கோவில் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. அப்பா இல்லை. ஆகவே வக்கீல், கோர்ட், ஜெயில் எல்லாம் என் தலையில் வந்தது. வந்தது சரிதான். வேறு யார் செய்வார்கள்.

ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போவதை ‘மனு பார்க்க’ என்பார்கள். ஆதாரைக் காட்டிப் பெயர் பதிந்துவிட்டு வெளியே சிமெண்டுத் தரையில் உட்கார வேண்டும். விடுமுறை நாளில் மனு கிடையாது என்பதால் ஒவ்வொரு முறையும் பள்ளியில் லீவு சொல்ல வேண்டும். கூப்பிட்டதும் முதலில் பொருள் வாங்கும் கவுண்டர். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிப் பார்ப்பார்கள். சோப்பில் கம்பியைக் குத்துவார்கள். ஆப்பிளை நாலாக வெட்டுவார்கள். வெட்டின ஆப்பிள் அண்ணன் கைக்குப் போகும்போது கறுத்துப்போயிருக்கும். இவ்வளவு சோதனையையும் மீறி உள்ளே பீடியும் கஞ்சாவும் போனும் கிடைக்கிறது என்பது அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். “இந்த வாசல் நமக்குத்தான்” என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சொன்னது. “அவங்களுக்கு வேற வாசல்.”

முதல் மனுவுக்கு அம்மா ஒரு உத்தரியம் கொண்டுவந்திருந்தது. எங்களைப் போலக் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், இரண்டு சின்னப் பழுப்புத் துணிச் சதுரம், மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றும் தொங்கும்படி நாடாவில் கோத்தது. மாதா படம் ஒட்டியிருக்கும். அதை அணிந்தபடி சாகிறவனுக்கு நரகம் இல்லை என்று எங்கள் ஊரில் நம்பிக்கை. அம்மா தானே மடித்துத் தைத்து, சாமியாரிடம் மந்திரித்து வாங்கியது.

கவுண்டர் வார்டர் அதைத் தூக்கிப் பிடித்து, “இது என்னம்மா?” என்றார்.

“உத்தரியம்யா. மாதா துணி. கழுத்துல கெடந்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்கல.”

அவர் கம்பியை எடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “சாமி சமாச்சாரம். போட்டுக்கட்டும்மா” என்றார். அவர் நெற்றி நிறைய விபூதி. திரும்பும் பஸ்ஸில் அம்மா அவர் பிள்ளைகுட்டிகளுக்காக ஒரு ஜெபமாலை சொன்னது. அந்தக் கவுண்டரில் பிரித்துப் பார்க்காமல் உள்ளே போன ஒரே பொருளை நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம் என்பதும், அப்படி ஒன்று வராதா என்று உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அண்ணன் சொன்னது தூக்கத்தைப் பற்றி மட்டும்தான். பிளாக்கில் மல்லாக்கப் படுக்க இடம் இல்லை. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். புதிதாக வந்தவனுக்குக் கக்கூஸ் ஓரம். எங்கே யார் படுப்பது என்று முடிவு செய்வது வார்டர் இல்லை, ‘அண்ணாச்சி’ என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு கைதி. அவருக்கு ஆள்கள் இருந்தார்கள். சோற்றில் மேலாக எடுப்பதும், தண்ணீரை முதலில் பிடிப்பதும், யாரை அடிப்பது யாரை விடுவது என்று சொல்வதும் அவர்கள்தான்.

அடுத்த மனுவில் அண்ணன் முகம் மழித்துத் தெளிவாக இருந்தான். இரண்டு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் முப்பது நாற்பது பேர், அந்தப் பக்கம் அதே அளவு, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அந்தச் சத்தத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

“சன்னலோரம் எடம் குடுத்துட்டாங்கடா” என்றான்.

“யாரு?”

“அண்ணாச்சி. அத விடு. அம்மாட்ட சொல்லி இன்னொரு உத்தரியம் தச்சுத் தரச் சொல்லு. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளு வந்து ஒன்ட்ட ஒண்ணு குடுப்பாரு. நகத்தளவுதான். அத உள்ள வச்சுத் தைக்கணும்.”

நான் முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். “சிம் கார்டா?” என்றேன். தலையை ஆட்டினான். அவனுக்குப் பின்னால் நின்ற வார்டர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

“முடியாதுன்னா?”

அண்ணன் சட்டையைக் கொஞ்சம் விலக்கினான். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. “இது எடம் மாறுறதுக்கு முந்தி. முடியாதுன்னா எங்கிட்டு இருந்து அடி வரும்னு எனக்கே தெரியாது. நீ யோசிக்காத, தைக்கச் சொல்லு.”

ஆனால் யோசிக்காமல் எப்படி இருப்பது. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நிலையில் இருந்தது. சிம் பிடிபட்டால் அவன்மேல் இன்னொரு வழக்கு, ஜாமீன் அதோடு போச்சு, கொடுத்த எனக்கும் அம்மாவுக்கும் வழக்கு. பிடிபடாவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று தைக்கச் சொல்வார்கள். தைக்காவிட்டால் அவனை அடிப்பார்கள். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் விடை அண்ணன் முதுகில்தான் வந்து விழுந்தது.

அம்மாவிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு உடனே ஊசியையும் பழுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

“மாதா மன்னிப்பாடா. பாவம் எங்கிட்டயே இருக்கட்டும், ஒனக்கு வேணாம்.”

“இது ஒருதரத்தோட போகாதும்மா. எத்தன தைப்பீங்க?”

“எத்தன கேட்டாலும் தைப்பேன். அவன் உசுரோட வரணும்.”

“மாட்டுனா அவன் வரவே மாட்டான்.”

அம்மா ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. தைக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

வக்கீலிடம் போனேன். அவர் சிரித்தார். “தம்பி, ஒங்க அண்ணன் ஒண்ணும் அங்க முதல் ஆளு இல்ல. ஒரு சிம்முதான, குடுத்துட்டு ஜாமீன் வர்ற வரைக்கும் ஓட்டப் பாருங்க.”

“ஜட்ஜ்கிட்ட சொல்ல முடியாதா சார்?”

“யாரு சொல்றது, நானா? நாளைக்கு வேற ஒருத்தனுக்கு மனு போட நானும் அதே ஜெயிலுக்குத்தான்ப்பா போகணும். வாத்தியாரு வேலைய வாத்தியாரா பாருங்க.”

அவர் கெட்டவர் என்று எழுத மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். அந்த வழியில் அண்ணன் வெளியே வரும்போது வேறு ஆளாக வருவான் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வெறும் ஐஸ் வண்டிக்காரனாக இருந்தவன், உள்ளே போய் உண்மையான கடத்தல்காரனாக ஆவான். எங்கள் வீட்டு ஊசியால். அது நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபின் பயம் குறையவில்லை, ஆனால் யோசனை நின்றது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்த ஆள் சாதாரணமாக இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. டீ வாங்கிக் கொடுத்தார்.

“படிச்ச தம்பின்னு ஒங்க அண்ணன் சொன்னாப்ல. படிச்சவங்களுக்கு ரெண்டுதரம் சொல்ல வேண்டியதில்ல, பாருங்க” என்று சொல்லிப் பிளாஸ்டிக்கில் சுருட்டிய ஒன்றை என் சட்டைப் பைக்குள் தானே போட்டார். “அம்மா நல்லா நெருக்கமாத் தைக்கிறாங்களாம்ல? உள்ள எல்லாரும் பாத்துருக்காங்க.”

அம்மாவின் தையலை அந்த ஆள் பாராட்டியது இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அந்தப் பொருளை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாள் காவல் நீட்டிப்பு. இப்போதெல்லாம் அதற்குக் கைதியைக் கூட்டிவருவதில்லை. ஜெயிலிலேயே கேமரா முன்னால் நிறுத்திக் கோர்ட் திரையில் காட்டுகிறார்கள். நான் பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டில் போய் நின்றேன். திரையில் அண்ணன். அவன் தோளை ஒட்டி ஒரு காக்கி முழங்கை.

நீதிபதி ஒரு அம்மையார். அண்ணன் பெயர் வாசித்ததும் கையைத் தூக்கினேன். டவாலி என்னைப் பார்த்து ‘உஷ்’ என்றார். நான் கையை இறக்கவில்லை.

“என்ன?” என்றார் நீதிபதி.

“எங்க அண்ணனை நேர்ல கூப்பிடணும்மா.”

“வக்கீல் மூலமாச் சொல்லுங்க.”

“அவரு சொல்ல மாட்டேங்கிறாரும்மா.”

பின்வரிசையில் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் கோப்பைப் புரட்டினார்.

“என்ன காரணம்?”

“இங்க சொல்ல முடியாதும்மா. அங்க கேக்குறாங்க.” நான் திரையைக் காட்டினேன். காக்கி முழங்கை அசைந்தது.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் மைக்கையும் கேமராவையும் அணைக்கச் சொல்லிவிட்டு என்னை முன்னால் கூப்பிட்டார். சட்டைப் பையில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்து, யார் கொடுத்தார், எதற்குள் வைத்துத் தைக்கச் சொன்னார் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இரண்டையும் திரும்பப் போடச் சொல்லி, குற்றப்பத்திரிகை நகல் வழங்குவதற்காகக் கைதியை மறுநாள் காலையில் நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்று சத்தமாகப் படித்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு இரவு அண்ணனுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது அந்தப் புத்தியால்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அம்மாவும் வந்தது. நீதிபதியின் அறையில் அண்ணனை நிறுத்தினார்கள். கூட வந்தவர்கள் எஸ்கார்ட் போலீஸ். அவர்களையும் வெளியே நிற்கச் சொன்னார்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா” என்றான் அண்ணன். “எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. தம்பி பயந்துட்டான்.” என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு. வண்டியில் முன்னால் உட்காரவைத்து என்னைக் காலேஜில் இறக்கிவிட்ட அண்ணனின் முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

அம்மாதான் முன்னால் வந்தது. “தாயே, இவன் பொய் சொல்றான். தைக்கிறவ நான். என்னையத்தான் தைக்கச் சொன்னாங்க.”

“அம்மா, நீ சும்மா இரு.”

“ஏன்டா சும்மா இருக்கணும்? சட்டையக் கழட்டு. ஜட்ஜம்மா பாக்கட்டும்.”

“இங்க நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. ராத்திரி நாந்தான அங்கிட்டுப் படுக்கணும்?”

சொன்னபின்தான் சொன்னது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. நீதிபதி பேனாவை எடுத்தார். “அங்க படுக்க மாட்டீங்க” என்றார்.

அன்றைக்கே வேறு ஜெயிலுக்கு மாற்றி உத்தரவானது. டாக்டர் பார்த்துக் காயங்களை எழுதினார். பழைய ஜெயிலில் விசாரணை என்றார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட வார்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அண்ணாச்சி எங்கேயும் போகவில்லை என்றும் கேள்வி. விசாரணைக்கு வாக்குமூலம் கேட்டுப் போன அதிகாரியிடம் அண்ணன் எதுவும் பேசவில்லை. பேசாதவரை அது காகிதம்தான். ஜாமீன் தள்ளுபடியானது. வக்கீல் எங்கள் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார், ஜாமீனுக்குத் திரும்பவும் போட்டிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு ஆள் ஒருமுறை பள்ளி வாசலில் பைக்கில் நின்றார். நான் போனில் அவரைப் படம் எடுத்தேன், அவர் பார்க்கும்படியாக. போய்விட்டார். அன்றிரவு கதவுக்கு உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன் என்பதும் உண்மை.

புது ஜெயில் தூரம். ஒரு பகல் முழுக்கப் பயணம். முதல் இரண்டு மனுவுக்கு அண்ணன் வெளியே வரவே இல்லை. வர விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினான். நான் பிஸ்கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை வந்தான். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இங்க என் பேரு என்ன தெரியுமா? ‘கோர்ட்டு வாத்தியாரோட அண்ணன்’.”

“யாரு வச்சது?”

“எல்லாருந்தான். வந்தன்னைக்கே ஒருத்தன் கேட்டான், வீட்ல சொல்லி ஒரு போன் எடுத்துக் குடுன்னு. பக்கத்துல இருந்தவன் சொல்றான், அவன்ட்ட கேக்காதடா, அவன் தம்பி ஜட்ஜ் டேபிள்ல கொண்டுபோய் வச்சிருவான்னு. ஒருபய கிட்ட வாரதில்ல. பேச்சுத்தொணைக்குக்கூட ஆளில்ல, ஒன்னால.”

கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

“அந்தப் பழைய ஜெயில்ல எனக்கு அடுத்து ஒரு பையன் படுத்திருந்தான்” என்றான். “கறம்பக்குடிப் பக்கம். அவனுக்கும் அம்மா மட்டுந்தான். இப்ப அவனைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாங்க.”

வார்டர் நேரம் முடிந்தது என்று தட்டினார். வரிசை நகர ஆரம்பித்தது. அண்ணன் நகராமல் நின்று வலைக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

“அந்த விசாரணை ஆபீசரு திரும்ப வருவாராடா?”

“கூப்பிட்டா வருவாரு.”

“வரச் சொல்லு. நான் பேசுறேன்னு எழுதிக் குடு.”

வக்கீலம்மாவிடம் காட்டுவதற்கு, திரும்பும் பஸ்ஸிலேயே போனில் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.