கண் திறந்தபடியே ஒரு மயக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஓரறை வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஒருநாள் சோறு வடிக்கும்போது பானை சரிந்து, கொதிக்கிற கஞ்சி தொடையிலிருந்து பாதம்வரை கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க கெட்டமின் ஊசி போட்டார்கள். "தூங்கிடுவீங்க" என்று மட்டும் சொன்னார்கள். நான் தூங்கவில்லை. கூரை விளக்கு அகன்றுகொண்டே போனது. யாரோ ஒருத்தியின் காலைத் துடைக்கிறார்கள், அவள் நானில்லை என்று தோன்றியது. கூப்பிடக் குரல் வரவில்லை. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். கப்பலுக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை நாளாகுமோ என்று அந்த நிலையிலும் ஓர் எண்ணம் ஓடியது.

தெளிந்தபோது அழுதுகொண்டிருந்தேன். சில நாள் அங்கேயே வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்கு எழுதினால் பயந்துவிடுவார். தேவாலயத்தில் சொன்னால் பேய் என்று ஜெபம் செய்யச் சொல்வார்கள்.

அடுத்த கட்டுக்குப் போனபோது, அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். "அந்த ஊசி வேணாம். வலிச்சாலும் பரவாயில்ல."

டாக்டர் சீன இளைஞர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தமிழ் நர்ஸ் எனக்குச் சொன்னார்: "கண்ணு திறந்தே இருக்கும்மா, ஆனா உடம்பு மிதக்கிற மாதிரி, கனவு மாதிரி இருக்கும். சிலருக்குப் பயமா வரும். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். வெறும் வயித்துல வரணும், இல்லன்னா வாந்தி வந்து மூச்சடைக்கும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்லா" என்றார் நர்ஸ், தலை குனிந்து. அந்த ஊசிக்கே நான் சம்மதித்ததும் கேட்டார்: "கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்கா?"

யாருமில்லை. மயக்கம் முழுக்கத் தெளியாதவளைத் தனியே அனுப்ப முடியாது, நாளைக்கு ஆளோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒரு சீன அம்மாள் இருந்தார். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். கதவைத் தட்டி, தெரிந்த அரைகுறை மலாயில் "ஹோஸ்பிட்டல்... ஈக்குட்?" என்றேன். கூட வருவீர்களா என்று கேட்டதாக எனக்கு நினைப்பு. அவர் என் கால் கட்டைப் பார்த்தார். "போலே, போலே" என்றார். முடியும், வருகிறேன் என்று அர்த்தம்.

மறுநாள் ஊசி ஏறியதும் அதே விளக்கு, அதே மிதப்பு. பயமும் வந்தது. ஆனால் இது மருந்து, இறங்கிவிடும் என்று ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது. தெளிந்தபோது அந்த அம்மாள் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்சியில் வந்தோம். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது; மேல்மாடியில் இறங்கிப் படி வழியாகக் கீழே வரவேண்டும். படிகளில் என் முழங்கையை இறுகப் பிடித்து இறக்கினார். என்னைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குப் பேச வேறு சொல் இருக்கவில்லை. மற்ற கட்டுகளுக்கும் அவர்தான் வந்தார்.

கணவர் திரும்பியபோது கால் ஆறியிருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?"

"வலியே இல்ல. ஆனா வேற ஒண்ணு..." என்று அந்த விளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பிரயாணக் களைப்பில் அவர் தூங்கிப்போயிருந்தார்.