திங்கட்கிழமை விடுமுறை

வரலாற்று அருங்காட்சியகத்தின் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு மேலே 'விசாரணை' என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு விசாரணை அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இயக்குநரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நேரில் வந்து கேட்பவர்கள் பாதி, தொலைபேசியில் கேட்பவர்கள் பாதி. எப்போது திறப்பீர்கள், வண்டியை எங்கே நிறுத்துவது, குழந்தைக்கு டிக்கெட் உண்டா, உள்ளே படம் எடுக்கலாமா என்று திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் மட்டும் அக்கா ஒரு எதிர்க்கேள்வி போடுவார்: "கூட யாரு வர்றாங்க?" சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் அதுகள் அடங்காது. வாத்தியார் என்றால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு வரச் சொல்வார். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்றால் தோட்டத்துக்கு வழி காட்டிவிடுவார். அவர்கள் எந்த வாளை, எந்தக் கேடயத்தைப் பார்க்கப் போகிறார்கள்?

எல்லோருக்கும் அவர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. லிஃப்டில் மேல்மாடிக்குப் போய்விட்டு அங்கிருந்து இறங்கி வாருங்கள். கேட்காதவர்கள் கீழேயிருந்து ஆரம்பித்து, பானை ஓடுகளிலேயே பாதி உயிரை விட்டுவிட்டு, கிரீடங்கள் இருக்கும் மாடிக்கு வரும்போது நாற்காலி எங்கே என்று தேடுவார்கள். சொன்னால் கேட்டால்தானே!

இதற்கென்று தனியாக ஒரு குரலே வைத்திருந்தார். எதிரில் இருப்பவர் எரிந்து விழுந்தாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது, குழைந்து போகாது. வீட்டில் புழங்கும் குரல் வேறு. அதைக் கேட்டால் அடுப்பில் பால்கூடப் பொங்கப் பயப்படும் என்பார் அவருடைய வீட்டுக்காரர். அலுவலகக் குரலில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: "திங்கட்கிழமை விடுமுறைங்க."

இப்படிப்பட்ட அக்காதான் அந்தக் கூத்தைச் செய்தார்.

அவருக்கு ஒரே மகள். மருத்துவமனையில் நர்ஸ். அங்கேயே ஆய்வகத்தில் வேலை செய்யும் பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அவனுடைய அப்பாவை நினைத்தால்தான் பயம். மனிதர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், கறார் என்றால் அப்படியொரு கறார். டிக்கெட் இல்லாமல் ஏறிய சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவராம். அவர் சரி என்றால்தான் கல்யாணம். அப்பாவை மீறுகிற பிள்ளை இல்லை அவன், மீறு என்று சொல்கிறவளும் இல்லை இவள்.

"முதல்ல ரெண்டு குடும்பமும் ஒரு தடவை சந்திக்கட்டும்னு சொல்றாங்கம்மா. வீடு வேண்டாமாம், எங்கயாவது பொதுவா ஒரு இடத்துல."

"எங்க மியூசியம் இருக்கும்போது வேற இடம் எதுக்குடி? திங்கக்கிழமை வரச் சொல்லு. எனக்கும் லீவு. நானே கூட இருந்து சுத்திக் காட்டறேன்."

மூன்று பேர் இருந்த அந்தச் சமையலறையில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? மகள் இரவுப் பணி முடித்து வந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அந்த வாசலில் ஆயிரம் தடவை ஆட்களை இறக்கிவிட்டவர், உள்ளே ஒரு தடவைகூடக் காலை வைத்ததில்லை. "அன்னைக்கு நானும் லீவு போட்டுடறேன்" என்று தலையாட்டினார். அக்காவுக்கோ திங்கட்கிழமை என்றால் தனக்கு லீவு, அவ்வளவுதான். அந்த லீவு எதனால் வருகிறது என்று யோசித்தே பல வருஷமாகியிருந்தது.

மகள் மூலமாகச் செய்தி போனது. எந்த நிறுத்தத்தில் இறங்குவது, பெரிய பை வேண்டாம், தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், தரை வழுக்கும், அதனால் தேய்ந்த செருப்பு வேண்டாம். ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினார். அந்த ஒன்று மட்டும் விட்டுப்போனது.

சனிக்கிழமை சாயங்காலம் தொலைபேசியில் ஒருவர் கேட்டார். வீட்டம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, என்ன வசதி இருக்கிறது? பக்கவாட்டு வாசலில் சரிவுப் பாதை இருக்கிறது, சக்கர நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள், ஒவ்வொரு கூடத்திலும் கதவோரமாகப் பெஞ்சு உண்டு என்று அக்கா நிதானமாகச் சொன்னார். "திங்கட்கிழமை வரலாமா?" என்று கேட்டார் அவர். "திங்கட்கிழமை விடுமுறைங்க" என்றார் அக்கா. அந்தப் பக்கம் "அப்படியா?" என்று ஒரு கேள்வி, பிறகு ஒரு நன்றி. அக்கா போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கு நீலப் புடவையா பச்சையா என்ற யோசனையில் இறங்கினார். சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் நடுவே இருப்பது எங்கேதான் போயிருந்ததோ!

பச்சைப் புடவையில் மகளோடும் வீட்டுக்காரரோடும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. பலூன்காரரைக் காணவில்லை. வரிசையில்லை. பெரிய கதவில் சங்கிலி தொங்கியது. காவலாளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, லீவு நாள்ல இந்தப் பக்கம்?"

"ஏன்பா கதவு தொறக்கல?"

"இன்னைக்குத் திங்கக்கிழமைக்கா."

அக்காவுக்குச் சப்தநாடியும் அடங்கிவிட்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்து டாக்சி வந்து நின்றது. முதலில் பையன், பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய அம்மா. கடைசியாக, சட்டையில் ஒரு சுருக்கமில்லாமல், முகத்திலும் ஒரு சிரிப்பில்லாமல், பரிசோதகர்.

காவலாளி விவரம் புரிந்தவர். அக்காவின் காதோரம் வந்து குசுகுசுத்தார். "அக்கா, பின்பக்கச் சாவி என்கிட்டதான் இருக்கு. அரை மணி நேரம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. உங்களுக்குன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்காவுக்குச் சபலம் தட்டியது. மகளுடைய வாழ்க்கை அந்தச் சாவியில் தொங்குவது போலிருந்தது. ஆனால் கடைசி டிக்கெட் நேரம் தாண்டி ஓடிவந்து கெஞ்சியவர்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்! அழுத பிள்ளைகளைக்கூட. அந்த முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"வேண்டாம்பா. சாவியை உள்ள வை" என்றார்.

பிறகு நேராகப் பரிசோதகரிடம் போனார்.

"என்னை மன்னிச்சுக்கணும். இன்னைக்கு மியூசியம் லீவு. ஊருக்கெல்லாம் சொல்ற நான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். அலைய வச்சுட்டேன்."

"உள்ள போக முடியாதா?"

"முடியாதுங்க."

"நீங்க இங்க வேலை பார்க்கறவங்கதானே. பின்பக்கமா வழி இருக்குமே?"

"வழி இருக்குங்க. அதுல எனக்குப் போக மனசில்ல."

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பையன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். பரிசோதகர் சங்கிலியைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"சரி, அப்போ எந்தக் கிழமை வந்தா நல்லது?"

கேள்வி காதில் விழுந்ததும் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. பதற்றமெல்லாம் எங்கோ ஓடிப்போய், அந்த அலுவலகக் குரல் தானாகக் கிளம்பி வந்தது.

"சனி, ஞாயிறு கூட்டமா இருக்குங்க. புதன்கிழமை காலையில வாங்க. லிஃப்ட்ல மேல போயிட்டு இறங்கி வாங்க. ஒவ்வொரு கூடத்துலயும் கதவோரமா பெஞ்சு இருக்கு. திங்கட்கிழமை விடுமுறைங்க."

பரிசோதகரின் வாய் திறந்தது, மூடவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம், போன்ல… அது நீங்களா?"

அப்போதுதான் அக்காவுக்கும் பொறி தட்டியது. "முட்டி வலி… அது நீங்களா?"

"முட்டி என்னோடதுங்க" என்று முன்னால் வந்தார் பையனின் அம்மா. "லீவுன்னு தெரிஞ்சதுலருந்து இந்த மனுஷன் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தார். 'பாத்தியா, நமக்காகப் பூட்டின கதவத் தொறந்து செல்வாக்கைக் காட்டப் போறாங்க. இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்து வராது'ன்னு என் காதுல மட்டும் ஒரே பாட்டு. பையன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டார். முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடணும்னுதான் கிளம்பினார்."

பரிசோதகர் தொண்டையைக் கனைத்தார். "போன்ல பேசின அந்த அம்மா மாதிரி பொறுப்பா ஒருத்தர் இருக்கற ஆபீஸ்ல இப்படியும் ஒருத்தரான்னு நினைச்சேன்."

"நானோ நேத்து ராத்திரியெல்லாம் தைலம் தேய்ச்சேன், மூணு மாடி சுத்தணுமேன்னு. பூட்டினவங்க மகராசனா இருக்கட்டும்" என்றார் அவருடைய மனைவி.

அக்காவின் வீட்டுக்காரர் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. அது மகளைத் தொற்றி, பையனைத் தொற்றி, கடைசியில் காவலாளியும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்காவுக்குச் சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்துவிட்டது. மரத்தடிப் பெஞ்சில் ஆறு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காவலாளி எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். உள்ளே கிரீடங்கள் அவை பாட்டுக்கு இருந்தன.

பரிசோதகர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எனக்குப் பரிபூர்ண சம்மதம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன் சம்பந்தி, கல்யாணத்தை மட்டும் திங்கக்கிழமை வச்சுடாதீங்க."

"அய்யோ சம்பந்தி," என்றார் அக்கா, "எனக்கு அன்னைக்கு மட்டும்தானே லீவு!"