யம்னாவின் கணுக்கால்

மொராக்கோவின் செஃப்ரூ ஊரில் யம்னாவின் கையுறைக்குத் தப்பிய முதுகு கிடையாது. ஹம்மாம் என்னும் பொதுக் குளியல்கூடத்தின் வெந்நீர் ஆவிக்குள் உட்கார வைத்து, அந்தக் கரடுமுரடான கையுறையால் அவள் தேய்த்தால் அழுக்கு திரிதிரியாக உருளும். கத்துகிறவர்களுக்கு இரண்டு இழுப்பு அதிகம். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு, இதுதான் பெருமை.

அப்படிப்பட்டவளின் கணுக்காலில் வாளி விளிம்பு கிழித்த சின்னப் புண், நான்கு மாதமாகியும் ஆறவில்லை. உடம்பில் சர்க்கரை வேறு. மூன்று சுற்று மாத்திரை முடிந்துவிட்டது. “புண்ணோட உள்ள வராதே” என்று அதை நடத்தும் ஹம்மாம்காரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ரொட்டி அடுப்புக்காரர் மகளோ, கல்யாணக் குளியலுக்கு யம்னா கைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்னும் ஏழு வாரம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் கிஸ்லான் கட்டைப் பிரித்தாள். புண்மேல் வழவழவென்று மஞ்சள் படலம்.

“சுரண்டி எடுக்கணும், லல்லா” என்றாள், மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

“தொட்டேன்னா கைய ஒடிப்பேன். இன்னும் வீரியமான மாத்திரையா குடு.”

“மாத்திரை என்ன பண்ணும்? கிருமிங்க கூட்டமா ஒட்டிக்கிட்டு, பிசின் மாதிரி ஒண்ணப் போர்த்திக்கிட்டுக் கிடக்கு. மருந்து முழுசா உள்ள இறங்காது. இறங்குற கொஞ்சமும் அடியில தூங்குறதுங்கள ஒண்ணும் பண்ணாது. மேல நாலு சாகும், அடியில இருக்கறது மறுபடி பெருகும்.”

யம்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சின்னதுல ஹம்மாம்ல உங்க மடியில நான் கத்துனப்போ என்ன சொன்னீங்க?”

“ஞாபகமில்ல.”

“தேய்க்காம சோப்பு போட்டா அழுக்குதான் குளிக்கும், நீ இல்லன்னு சொன்னீங்க.”

யம்னா காலை நீட்டினாள். மரத்துப்போக மருந்து தடவியும், முதல் சுரண்டலுக்கே சுகாதார நிலையம் அதிர்ந்தது.

“கத்துனா ரெண்டு இழுப்பு அதிகம், லல்லா.”

“வாயாடி! நடுவுலயே சுத்துறியே, ஓரத்த யாரு பாக்கறது? அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.”

கிஸ்லான் ஓரத்தையும் வழித்தாள். “ரெண்டு மூணு நாள்ல திரும்பப் படலம் கட்டிடும். அதுக்குள்ள மருந்து உள்ள போகணும். வாரம் ரெண்டு தடவ வாங்க.”

வாரம் இரண்டு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் திட்டினாள். ஆறாவது வாரம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியது. ஹம்மாம்காரி கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

கல்யாணப்பெண் முதல் தேய்ப்பிலேயே அலறினாள். யம்னாவின் கை ஒரு கணம் நின்றது.

“கத்து, கத்து. நானும் கத்துனேன்” என்றாள். இழுப்பை மட்டும் குறைக்கவில்லை.