அக்கா திருப்பிக் கொடுக்கச் சொன்ன புகைப்படம்

இந்த நினைவு மலர் அக்காவின் பதினாறாம் நாளன்றே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். முதலாண்டு நினைவு நாளில் வருவதற்குக் காரணம் அச்சகம் அல்ல, நான்தான். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று நிறைவேறாமல் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது அந்தப் பாரம் இறங்கிவிட்டது. நிம்மதியாக எழுதுகிறேன்.

அக்கா பம்பாயில், மாட்டுங்காவில் பிறந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு செம்பூருக்குக் குடிமாறினார். வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து கொடுத்து எங்களைக் காப்பாற்றினார். மாதச் சம்பளம் என்பதை அவர் கடைசிவரை கண்டதில்லை.

பாடப்புத்தகம், ஊறுகாய் லேபிள், மருந்துக் கம்பெனிக் கையேடு என்று எது வந்தாலும் வரைவார். ஆள் வைத்து வரைய வசதி ஏது? நாம்தான் அகப்பட்டோம். ஒரு குக்கர் கையேட்டில் மூடியைத் திருகும் கை என் மனைவியுடையது. மூட்டுவலிக் கையேட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நம் சித்தப்பா. "வலி வந்தா உங்க முகம் ரொம்ப நல்லா இருக்கு சித்தப்பா, அப்படியே அசையாம உக்காருங்க" என்று அக்கா சொன்னதை அவர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் அக்கா மனம் ஒன்றி வரைந்தது மனிதர்களின் உருவப்படங்களைத்தான். மறைந்தவரின் பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருவார்கள். "கொஞ்சம் கலரா போடுங்கம்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு! "அவர் நிறத்துக்கு என்ன குறைச்சல்? வேற ஆளை வரையணும்னா வேற இடம் பாருங்க" என்பார். வரைந்த படத்தைக் கொடுக்கும்போது புகைப்படத்தையும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவது அவருடைய கண்டிப்பான வழக்கம். பலரிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

பேச்சியம்மாளிடமும் ஒன்றுதான் இருந்தது. அவர் தாராவியில் பை தைக்கும் பட்டறை நடத்துபவர். ஒரு மழைக்கு அறைக்குள் தண்ணீர் புகுந்து கல்யாண ஆல்பமே ஊறிப்போனதில், காலமான கணவரின் படம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைத்தான் அக்காவிடம் கொடுத்திருந்தார்.

சென்ற மழைக்காலத்தில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா, "டேய், பேச்சியம்மா போட்டோவைக் கொடுத்துடு" என்றார். "நீயே வந்து கொடுக்கா" என்று அதட்டினேன். மறுநாளும் அதையே சொன்னார். "சரிக்கா, கொடுத்துடறேன்" என்றேன். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால், அவர் இனி வீடு திரும்பமாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டது போலாகிவிடும். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

வரைந்து முடித்த படம் பலகையிலேயே இருந்தது. புகைப்படத்தைத்தான் காணோம். பீரோ, கட்டில் அடி, பழைய கோப்புகள் என ஒன்று விடாமல் நாலு மாதம் தேடினேன். இதற்கிடையில் பேச்சியம்மாள் போன் செய்தபடி இருந்தார். தாதரில் ரயில் மாறும்போது அந்த எண் வந்தால், எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொள்வேன். என்ன பதில் சொல்வது? வெட்கக்கேடு.

தீபாவளிக்கு முன் அக்காவின் சமையலறையை ஒழித்தோம். அரிசி டின்னைத் திறந்தால் ஒரே வண்டு. "அப்படியே கொண்டுபோய்க் கொட்டு" என்று எரிந்து விழுந்தேன். "சும்மா இருங்க, அக்கா வாங்கி வெச்ச அரிசி" என்று என் மனைவி அதைப் புடைப்பதற்காகத் தரையில் நியூஸ்பேப்பர் விரித்துக் கவிழ்த்தாள். பிளாஸ்டிக் உறை ஒன்று சரிந்து விழுந்தது. பம்பாய் மழையில் பூஞ்சை பிடிக்காதிருக்க, அடுத்தவர் வீட்டுப் படத்தை அக்கா அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்! உறைமேல் அவர் கையெழுத்து: "பேச்சியம்மாள். ஒரே படம். பத்திரம்." அரிசிக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அன்றே இரண்டையும் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அக்கா வரைந்த படத்தைப் பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தார். "அவுக முறைக்கது அப்படியே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. போட்டோ கிடைக்கலை, அதான் உங்க போனை எடுக்கலை" என்றேன்.

"அட, இதுக்கா தம்பி? அக்காட்ட குடுத்தது எங்க போவும்? நான் போன் போட்டது அதுக்கில்ல. அக்கா போட்டோ ஒண்ணு தருவியளான்னு கேக்கத்தான். எங்க வீட்டுக்காரவுக படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

சுவரில் இரண்டு ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார்.

இந்த மலரின் அட்டையில் நீங்கள் காணும் புகைப்படத்தைத்தான் அவருக்குக் கொடுத்தேன்.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த செம்பூர் அண்டை வீட்டாருக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், தாணேயிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சித்தப்பா குடும்பத்துக்கும், காரியங்களில் கலந்துகொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அரிசியைக் கொட்டாத என் மனைவிக்குத் தனியாக ஒரு நன்றி.

அக்கா, பேச்சியம்மா போட்டோவைக் கொடுத்துட்டேன். கூடவே உன்னோடதையும்.