ஆத்தூரில் நின்ற புது மாடல்

அப்பாவுக்குத் திருச்செந்தூர் முருகனிடம் எவ்வளவு நம்பிக்கையோ, தன் சின்னக் காரிடமும் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. முதலில் வைத்திருந்தது அந்தக் காரின் பழைய மாடல். பெட்டி போல நெட்டையாக இருக்கும். தூத்துக்குடியின் உப்புக் காற்று கதவடியை அரித்துவிட்டதால் மழை நாளில் எங்கள் காலடியில் தண்ணீர் நிற்கும். ஆனால் நடுவழியில் அது ஒரு நாளும் நின்றதில்லை. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அதைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கினார்.

அதற்குப் பிறகு அப்பாவின் வாய் ஓயவில்லை. முன்விளக்கு உருண்டையாகிவிட்டது, பின்விளக்கு மேலே ஏறிவிட்டது, ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம் என்று மளிகைக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார். பழைய மாடல்தான் உழைக்கும், புதுசில் கிளட்ச் கடினம், கண்ணாடி பாதியில் சிக்கிக்கொள்ளும் என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு. அந்த அண்ணாச்சிக்கு அன்று துவரம்பருப்பு கைக்கு வர வெகுநேரமாகும்.

எல்லா மாற்றங்களிலும் அவருக்கு மிகவும் பிடித்தது சாவி. அதன் கொண்டைக்குள் ஒரு சிப் இருந்தது. சிப் இல்லாத சாவியைப் போட்டால் என்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். இந்த வித்தையை ஊருக்குக் காட்டுவதற்காகவே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவரிடம் கள்ளச்சாவி வெட்டி வாங்கினார். தெரு முழுக்கப் பார்த்து முடித்த பிறகு அது கதவு திறக்க மட்டும் உதவியது. அத்தை அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் அன்று கரைக்கு வந்த கப்பல்களின் பெயர்களை எனக்குச் சொல்வாள். வாய்க்குள் நுழையாத பெயர்கள். அவற்றைச் சொல்லிச் சொல்லியே நான் தூங்கிப்போவேன். அந்த வீட்டில் எனக்கு அத்தையைப் போலப் பிடித்தவர்கள் யாரும் இல்லை.

தாத்தா அவளுக்குச் சென்னையில் மாப்பிள்ளை பார்த்தார். நல்ல இடம், பெரிய கடை, ஆனால் பெண் வேலைக்குப் போகக் கூடாது. அத்தை ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னாள். தாத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தாத்தாவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, அப்பாவுக்கும்தான். திருச்செந்தூர் கோயிலில் வைத்துப் பெண்ணைக் காட்டுவது, பிடித்துவிட்டால் இராகு காலத்துக்கு முன்பே அங்கேயே வெற்றிலை மாற்றிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

தாத்தா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நாங்கள் காரில் கிளம்பினோம். அம்மா முன்னால், பட்டுச் சேலையில் அத்தையும் நானும் பின்னால். பழையகாயல் தாண்டும்வரை இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் கிடந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே போனதில், கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் கண் சொருகியது. அத்தையின் மடியில் தலை வைத்துக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

ஆத்தூரில் வெற்றிலை வாங்க அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். எங்களுக்காகச் சாவியை எடுக்காமல் ஏசியை ஓடவிட்டுப் போனார்கள். கொடிக்கால் பச்சையும் மல்லிகை வாசமும் என் தூக்கத்துக்குள் வந்து போயின. அந்தத் தூக்கத்தில் ஒரு வளையல் கை இரண்டு சீட்டுகளுக்கு நடுவே மெல்ல நீண்டது. ஏசியின் சத்தம் நின்றது. எங்கோ கடலுக்கு அடியில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புழுக்கம் வந்து எழுப்பியது.

அப்பா வந்து உட்கார்ந்தார். சாவியைத் தொட்ட கை கொஞ்சம் நின்றது. பிறகு திருப்பினார். என்ஜின் இருமி அணைந்தது, சிவப்பு விளக்கு மினுங்கியது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமியது. அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அத்தை கைப்பையை மடியில் அணைத்தபடி வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இறங்கிப் பானெட்டைத் திறந்தார்.

திருச்செந்தூர் பஸ் ஒன்று வந்தது. ஏறிவிடலாமே என்றாள் அம்மா. பட்டுச் சேலை கசங்கும் என்றார் அப்பா. அடுத்த பஸ்ஸும் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்றார். உள்ளே பாதி சீட்டு காலி. பானெட்டுக்குள் தலையை விட்டபடி எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறி, தார் ரோடு தண்ணீர் போல அசைந்தது. கடைசியில் தாத்தாவே போனில் கூப்பிட்டார்.

“வண்டி கெளம்ப மாட்டேங்குப்பா. என்ன செய்ய?” என்றார் அப்பா.

அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்துவிட்டார்களாம். புது வண்டி, நல்ல காரியம், பாதி வழியில் நிற்பதென்றால் முருகனுக்கே சம்மதமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தாத்தாவுக்கும் மனசு விட்டுப்போயிற்று. சகுனத்துக்கு மேல் தாத்தாவுக்குப் பேச்சில்லை.

அப்பா அம்மாவையும் என்னையும் இளநீர் குடிக்கக் கூட்டிப்போனார். அத்தை வரவில்லை, காரிலேயே இருந்தாள். திரும்பி வந்து திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அம்மா வியந்துபோனாள். அப்பா வியக்கவில்லை.

சாயங்காலம் தாத்தா வந்ததும் வண்டியைத் திட்டித் தீர்த்தார். ராசி கெட்ட வண்டி, பழசைக் கொடுத்ததே தப்பு என்றார். அப்பா ஒரு பிடி பிடிப்பார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாப்பா. இத நம்பி எங்கனயும் போக முடியாது” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடிப்போய்க் காரின் உருண்டை விளக்கைத் தடவிக்கொடுத்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அப்பாவிடம் பேசவில்லை. அன்று முதல் அந்தக் காருக்கு ஊரில் கெட்ட பெயர். கடையில் யார் என்ன சொன்னாலும் அப்பா வாயே திறக்காமல் பருப்பை நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

மறுநாள் காலை அத்தை பருத்திச் சேலை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள். அப்பாவே காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். துறைமுக ரோட்டில் கிரேன்கள் தெரிய ஆரம்பித்தன. எனக்குப் பொறுக்கவில்லை. நம்ப முடியாத வண்டி என்று சொல்லிவிட்டு இதிலேயே ஏன் போகிறோம் என்று கேட்டேன்.

“போதும்ளா, எறங்கு. நேரமாச்சி” என்றார் அப்பா, அத்தையிடம்.

அத்தை இறங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் சிரித்தார். என் காரை அவமானப்படுத்திவிட்டுச் சிரிக்கிற இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று.