கடைசியா எப்ப தொட்டீங்க?

பஞ்சை உள்ளே வைத்துப் பழைய பருத்தித் துணியால் கட்டிய உருண்டை, வட்ட மேசையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வலது கை எங்கேயும் நிற்கவில்லை. நின்றால் போச்சு, ஈர அரக்கு துணியோடு ஒட்டிக்கொண்டு தோல் உரிவதுபோல வந்துவிடும். உருண்டை காயும்போதெல்லாம் இடது கை புட்டியைச் சாய்த்தது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு அது. அதன் வாசனை எழும்பும்போது மட்டும் பாலிஷ்காரர் மூக்கை விட்டுவிட்டு வாயால் மூச்சு விட்டார்.

மீசை முளைத்த நாளிலிருந்து இதே தொழில். குடியும் ஏறக்குறைய அப்போதிருந்துதான். மனைவியின் தம்பியைத் தொழிலுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான், ஊற்றிக் கொடுத்துப் பழக்கியவரும் அவர்தான். மதுக்கடை மூடியிருந்த ஒரு நாள் இருவரும் வேலைக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டையே குடித்தார்கள். இவருக்கு வாந்தி வந்து தப்பித்தார். தம்பிக்கு மறுநாள் விடியவே இல்லை. இரண்டு கண்ணும் போய்விட்டன. மனைவி அவனைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. ஆனால் தனியாக எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

குடியை விட்டவர்கள் கூட்டத்துக்கு மைத்துனனையும் அழைத்துப் போகலாம் என்று ஒரு மாலை அவர்கள் வாசலில் போய் நின்றார். மனைவி இவர் முகத்தைப் பார்க்காமல் தம்பியிடம் பேசினாள்.

"போயிட்டு வா. இன்னொரு தடவை வாயில வெச்சாருன்னா இந்த வாசல்ல கால் வைக்க வேண்டாம்னு சொல்லிடு."

"பக்கத்துலதானே நிக்கறாரு, நீயே சொல்லேன்."

"உனக்குத்தான் கண்ணு தெரியல. எனக்கும் தெரியலன்னு வெச்சுக்கோ."

முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். நடத்தியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புதுசா வந்தவர் சொல்லுங்க. கடைசியா எப்ப தொட்டீங்க?" என்றார்.

"இப்பதாங்க. கை கழுவிட்டு நேரா வரேன்."

ஹாலே சிரித்தது. நகக்கண்ணில் இருந்த வாசனையும் சாட்சி சொன்னது. அன்றைக்குத் தொட்டவர்கள் உள்ளே உட்காரக் கூடாது என்பது அங்கே விதி. விளக்குவதற்குள் வெளி பெஞ்சைக் காட்டிவிட்டார்கள்.

"குடிச்சீங்களான்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பீங்க," என்றான் மைத்துனன், தெருவில் அவர் தோளைப் பிடித்து நடந்தபடி. "தொட்டீங்களான்னு கேட்டான் பாருங்க, அங்கதான் மாட்டினீங்க. அரிச்சந்திரனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி!"

இரண்டாவது, மருத்துவமனை மாடியில். அங்கே ஆலோசகர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "முதல்ல இந்த வேலைய விடுங்க."

"விட்டுட்டு?"

"வேற ஏதாவது பார்க்கலாமே."

பாலிஷ்காரர் அரக்கேறிப் பழுத்த தன் விரல்களைப் பார்த்தார். வேறு எதையும் அவை கற்றதில்லை. ஆலோசகர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவரை அதிகமாக வாட்டியது. திரும்பும் வழியில் ஓரிடத்தில் கால் தானாக நின்றது.

"ஏன் நின்னுட்டீங்க மாமா?"

"செருப்பு வார் அறுந்துடுச்சு மச்சான்."

"கடை வாசம் எனக்கும் வருது. வெறுங்காலோட நடங்க."

மூன்றாவது, ஒரு சலவைக் கடையின் பின்னறை. ஆறேழு பேர்தான். நடத்தியவர் பார் வெயிட்டர்; வேலைக்குப் போகும் கறுப்புக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அதே கேள்வி. பாலிஷ்காரர் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தொடறது தினமும். அதுலதான் தொழில். குடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. "நானும் தினம் தொடறேன். தட்டுல வெச்சு அடுத்தவனுக்குக் கொடுக்கறேன். உக்காருங்க," என்றார் வெயிட்டர்.

ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் அம்மா ஒருவர் கேட்டார்: "ஸ்பிரிட் யார் கையில இருக்கு?"

"என்கிட்டதான்."

"அதான் தப்பு. வேலைக்கு வேண்டியத மட்டும் ஊத்திக் கொடுக்க ஒரு ஆள வைங்க."

"நான் இருக்கேன்," என்றான் மைத்துனன்.

"பாலுக்குப் பூனை காவலா?" என்றார் அந்த அம்மா.

"சூடு கண்ட பூனைங்க. ரெண்டு கண்ணையும் கொடுத்துப் பார்த்தாச்சு."

அதன் பிறகு அந்த அறைக்கே போனார்கள். பட்டறையில் ஸ்பிரிட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அரக்குப் புட்டிக்கு வேண்டியதை மட்டும் அளந்து ஊற்ற மைத்துனன் உட்கார்ந்தான். வட்ட மேசை வந்த வாரம், கூட்டத்துக்கு வெயிட்டர் வரவில்லை. எச்சில் கிளாஸ்களில் மிஞ்சியதைக் குடித்துவிட்டுப் பாரின் பின்கதவில் கிடந்தாராம். பிறகு சீசா கழுவும் அம்மா அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, "யார் முதல்ல?" என்றார்.

அரக்கு ஏற்றி முடித்த மறுநாள், மேசைக்குக் கடைசிச் சுற்று. இதில் அரக்கே கிடையாது. உருண்டை வழுக்கத் தொட்டுக்கொண்ட எண்ணெயின் பசையை எடுக்க வெறும் ஸ்பிரிட்தான். மைத்துனன் கிண்ணத்தில் ஊற்றினான். ஊற்றும்போது அவன் தொண்டை ஏறி இறங்கியதைப் பாலிஷ்காரர் பார்த்தார். தன் தொண்டையும் அப்படியே செய்தது.

"மச்சான், ஏதாவது பேசிக்கிட்டே இரு. கை நிக்கக் கூடாது."

"உங்க கல்யாணத்துல அக்கா ஏன் அழுதா தெரியுமா? உங்க மூஞ்சிய அன்னிக்குத்தான் கிட்டக்க பார்த்தா."

உருண்டை நகர்ந்தது. "அப்புறம்?"

"அப்புறம் பழகிட்டா. நாய்க்கடி மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "என்ன நிறம் வந்திருக்கு?" என்றான்.

"பால் ஊத்தாத டீ."

"நல்ல நிறம்," என்றான். கிண்ணம் காயும்வரை கை ஓடியது.

மாலையில் மேசைக்காரர் வண்டியோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் முகம் சுளித்தார். "குடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. வேலை வாசனை."

அவர் நம்பாமல் ஸ்டூலில் இருந்தவனிடம் திரும்பினார். "இவர் குடிச்சாரா?"

"நான் எதையும் பார்க்கறதில்லைங்க," என்றான் மைத்துனன். "ஆனா குடிக்கல."

பாலிஷ்காரர் மேசையைப் போர்வையில் சுற்றி, ஒரு விளிம்பை மேசைக்காரர் கையில் கொடுத்தார். "ஒரு வாரத்துக்குச் சூடா எதையும் மேல வைக்காதீங்க."